கயிறு முதலில், கம்ப்யூட்டர் அப்புறம்: ஒன்றரை வருட வீட்டுப் பள்ளியில் கான் அகாடமி எப்படி?

நாங்கள் இருப்பது பெங்களூரில் அல்சூர் பக்கம். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8. ஒன்றரை வருடமாக இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில்தான் படிக்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், அபார்ட்மென்ட்காரர்கள், தமிழ்ச் சங்க நூலகத்தில் பார்க்கிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த ஆப்பில் படிக்கிறாங்க, எவ்வளவு ஆகுது?" ஆளாளுக்குச் சொல்லி மாளவில்லை, அதனால் ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்கிறேன். கணக்குக்கும் அறிவியலுக்கும் நாங்கள் நம்பியிருப்பது வீடியோவும் பயிற்சியும் தருகிற கான் அகாடமி இணையதளம். ஒரு ரூபாய் கிடையாது. காசு கொடுத்து வாங்கினதையும் சேர்த்துப் பார்த்தாலும் கணக்குக்கு இதைவிட நல்லது எங்கள் வீட்டுக்கு அமையவில்லை. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் ஓடி ஆடி வேர்க்காத பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். இதை நாங்கள் மூன்று மாதம் தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டோம்.

பள்ளியை விட்டதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் போக ஒன்றேகால் மணி நேரம், வர அதற்கும் மேல். பெரியவள் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிவிடுவாள். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன், அத்தை எங்களோடு இருக்கிறார், அதனால் முடியும் என்று தோன்றியது. ஆரம்பித்த முதல் வாரமே ஒரு கம்பெனியின் ஆள் வீட்டுக்கு வந்து, பெரியவளிடம் நாலு கேள்வி கேட்டு, "இப்படியே விட்டால் பின்தங்கிடுவாங்க மேடம்" என்று பயமுறுத்தி, டேப்லெட்டோடு சேர்த்து ஒரு வருடச் சந்தாவை மாதத் தவணையில் தலையில் கட்டிவிட்டுப் போனார். பிடிக்கவில்லை என்றால் 15 நாளில் பணம் திரும்ப வரும் என்றார்கள். ஒன்பதாம் நாள் போன் செய்தேன், அதிலிருந்து பணம் வாங்குவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது. பெயர் எழுதப் போவதில்லை. வீட்டுக்கே வந்து விற்கிறவர்களிடம் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, மூன்று மாதம் செய்த தப்புக்கு வருகிறேன். காலையில் மூளை சுறுசுறுப்பாக இருக்கும், அதனால் எழுந்ததும் படிப்பு, விளையாட்டெல்லாம் சாயங்காலம் என்று அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். எட்டு மணிக்கு லேப்டாப் திறந்தால் எட்டு இருபதுக்குச் சின்னவன் நாற்காலியில் தலைகீழாகத் தொங்குவான். பெரியவள் வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நிறுத்திக் கேட்டால் ஒன்றும் ஏறியிருக்காது. சாயங்காலமோ பெங்களூர் மழை, இல்லையென்றால் என் வேலை இழுத்துக்கொள்ளும், விளையாட்டு ரத்து. ஆப்தான் சரியில்லை என்று நினைத்து வேறு வேறு ஆப்பாகத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தைதான் ஒருநாள் சொன்னார்: "கன்னுக்குட்டிய அவுத்து விட்டுட்டு அப்புறம் கட்டும்மா, காலங்காத்தாலயே கட்டிப்போட்டா அது முட்டத்தான் செய்யும்." மறுநாளே அட்டவணையைத் திருப்பிப் போட்டோம்.

இப்போது காலை ஆறேகாலுக்கு நாலு பேரும் அல்சூர் ஏரிக்கரையில். அத்தை பெஞ்சு வரைக்கும் நடப்பார், நாங்கள் மூன்று பேரும் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஏரிக்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவ மையம் இருப்பதால் சில நாள் ஜவான்கள் வரிசையாக ஓடுவதைப் பார்க்கலாம். அந்தப் படையில் ஜவான்களுக்குத் 'தம்பி' என்றுதான் செல்லப் பெயர். இது தெரிந்ததும் சின்னவனுக்கு ஓட்டத்தில் ஒரு தனி வேகம் வந்துவிட்டது. முள்கம்பி வேலியைத் தகர்க்க உலகம் முழுக்கப் பயன்பட்ட 'பெங்களூர் டார்பிடோ'வை இந்தப் படையின் அதிகாரி ஒருவர் 1912-இல் இதே ஊரில்தான் கண்டுபிடித்தார் என்று நடந்துகொண்டே சொன்னேன், அன்றைக்கு வரலாறு வகுப்பு அங்கேயே முடிந்தது. திருவள்ளுவர் சிலை பக்கம் போனால் ஒரு குறள். 1991-இல் நிறுவ வந்த சிலை 18 வருடம் மூடியே கிடந்து 2009-இல்தான் திறக்கப்பட்டது என்பதைப் பெரியவள் இப்போது வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்கிறாள்.

5 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி உடம்பை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பள்ளிக்குப் போன காலத்தில் வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட், அதிலும் ஒன்றை வேறு வகுப்புக்கு எடுத்துக்கொள்வார்கள், அந்த அறுபது நிமிடம் எந்த நாளும் வந்ததில்லை. இன்னொன்று, பெரியவளுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டிருக்கிறாள். வெளியில் பகல் வெளிச்சத்தில் நேரம் கழிக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று கண் டாக்டர் சொன்னதால் சின்னவனையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணமும் உண்டு. திரையில் படிக்கிற குடும்பம் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

மழை நாளுக்கு ஜோ விக்ஸ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இவர் இங்கிலாந்தில் உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர். 2020 மார்ச் 23 அன்று, பள்ளிகள் மூடியிருந்த நேரத்தில், தன் வீட்டுக் கூடத்திலிருந்து பிள்ளைகளுக்காக யூடியூபில் அரை மணி நேர நேரடி பி.டி. வகுப்பு தொடங்கினார். மறுநாள் மார்ச் 24 ஒளிபரப்பை ஒரே சமயத்தில் 9,55,185 பேர் பார்த்தது கின்னஸ் சாதனை. நம் ஊரில் முழு ஊரடங்கு என்று இரவில் அறிவித்தார்களே, அதே நாள். அந்தப் பழைய வகுப்புகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, காசு இல்லை, கருவி எதுவும் வேண்டாம், ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். முயல் மாதிரி குதி, தவளை மாதிரி தாவு என்று சொல்வதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் முழுசாகப் புரிய வேண்டும் என்பதே இல்லை. வேகம் கொஞ்சம் அதிகம்தான், முதல் வாரம் பாதியிலேயே நிறுத்திவிடுங்கள், தப்பில்லை. அவர் ஸ்குவாட் செய்வதைப் பார்த்து அத்தை, "இது நம்ம தோப்புக்கரணம்தானே, காதை மட்டும் பிடிக்கல" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஸ்குவாட்டுக்குத் தோப்புக்கரணம் என்றே பெயர், அத்தையும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பத்து போடுவார்.

ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடியில் இருந்தால் வீட்டுக்குள் குதிக்காதீர்கள். கீழ் வீட்டு அம்மா இரண்டு முறை பொறுத்தார், மூன்றாம் முறை மேலே வந்து "ஸ்வல்ப மெல்லகே" (கன்னடத்தில், கொஞ்சம் மெதுவாக) என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் கைக்குழந்தை. அன்றைக்கே எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு மாற்றினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷீட் போட்ட இடம் இருக்கிறது, மழையிலும் நனையாது. அந்த மாடிதான் அப்புறம் எங்கள் கணக்கு வகுப்பாகவும் ஆனது.

மாடிக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கூடவே போகும். கயிறு குதிப்பதற்கு முன்னால் மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி நாடித் துடிப்பு எண்ணி நாலால் பெருக்க வேண்டும். பெரியவளுக்கு 21 வரும், அதாவது 84. ஐந்து நிமிடம் குதித்த உடனே எண்ணினால் 38, அதாவது 152. ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் 26. இதை மூன்று மாதம் எழுதி வைத்துக் கட்டக் காகிதத்தில் கோடு போட்டபோது, அந்த 26 மெல்ல மெல்ல 23-க்கு இறங்கியிருந்தது. தன் இதயம் சீக்கிரம் அமைதியாகக் கற்றுக்கொண்டதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அதற்கப்புறம் இதயத்தின் நாலு அறைகளைப் பற்றிய வீடியோ சும்மா ஒரு பாடமாகத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் பார்த்தாள்.

குளித்து, இட்லியோ உப்புமாவோ சாப்பிட்டு, ஒன்பதரைக்குக் கான் அகாடமி. இதன் கதையே எனக்குப் பிடிக்கும். 2004-இல் சல்மான் கான் என்பவர் (நடிகர் இல்லை, பாஸ்டனில் வேலை பார்த்தவர்) தூரத்து ஊரில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்கு அளவு மாற்றல் கணக்கு வரவில்லை என்று போனிலேயே சொல்லித்தர ஆரம்பித்தார். மற்ற பிள்ளைகளும் சேர, 2006-லிருந்து யூடியூபில் வீடியோவாகப் போட்டார். நேரில் நீ சொல்வதைவிட வீடியோதான் நன்றாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்களாம். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. நானே சொல்லித்தரும்போது இரண்டாவது தடவை "புரியலம்மா" என்று சொல்லப் பெரியவள் தயங்குவாள், என் முகத்தைப் பார்ப்பாள். வீடியோவுக்கு முகம் சுளிக்கத் தெரியாது. 3/5 பெரிதா 5/8 பெரிதா என்ற கணக்குக்கு அதே மாதிரி ஒரு வீடியோவை மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டையும் நாற்பதுக்குக் கொண்டுவந்து, 24-உம் 25-உம் என்று எழுதி, "நாற்பதில் ஒரு பங்குதான் வித்தியாசமா!" என்றாள். நான் அடுப்படியில் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

எப்படி வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு சிறு பாடத்துக்கும் வீடியோ, அதை ஒட்டிப் பயிற்சிக் கேள்விகள். 70 சதவீதம் தாண்டினால் 'ஃபெமிலியர்', எல்லாமே சரியென்றால் 'ப்ரொஃபிஷியன்ட்', அப்புறம் யூனிட் டெஸ்டில் பழைய கேள்விகள் கலந்து வரும்போதும் சரியாகச் செய்தால்தான் 'மாஸ்டர்ட்'. யூனிட் டெஸ்டில் தப்புச் செய்தால் ஒரு படி கீழேயும் இறங்கும். இந்த இறக்கம்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், போன மாதம் படித்தது இந்த மாதம் இருக்கிறதா என்று அதுவே பார்த்துச் சொல்லிவிடுகிறது. இந்தியப் பாடத்திட்டப்படி வகுப்பு வாரியாகவும் இருக்கிறது, ஆனால் வயசுக்கு ஏற்ற வகுப்பில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரியவள் பின்னத்தில் ஒரு வகுப்புக் கீழே போய் ஆரம்பித்தாள், வடிவியலில் ஒரு வகுப்பு மேலே இருக்கிறாள். பெற்றோர் தனிக் கணக்கு வைத்துக்கொண்டு எந்தப் பாடத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பார்க்கலாம். விளம்பரம் வந்து தொல்லை தராது. சின்னவனுக்கு ஆரம்பத்தில் கான் அகாடமி கிட்ஸ் ஆப் போட்டுக் கொடுத்தோம், 2 முதல் 8 வயதுக்கானது, அதுவும் இலவசம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பயிற்சியில் அது பார்ப்பது விடையை, நீங்கள் போன வழியை அல்ல. அதனால் எங்கள் வீட்டில் நோட்டு இல்லாமல் யாரும் லேப்டாப்பைத் தொடக்கூடாது. நோட்டில் இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் தப்பாகிப்போனால் ஏன் தப்பு என்று ஒரு வரி. முதல் வாரங்களில் சின்னவன் கேள்வியைப் படிக்காமலே 'ஹின்ட்'டை அமுக்கிவிடுவான், பக்கத்தில் உட்கார்ந்தபிறகுதான் அது நின்றது. பிள்ளையை உட்கார வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்று நினைத்து இதை எடுக்காதீர்கள். 25 நிமிடத்துக்கு ஒருமுறை நாங்கள் எழுந்துவிடுவோம், ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பார்ப்பது, பத்து தோப்புக்கரணம், தண்ணீர், திரும்ப உட்காருவது. மொத்தத் திரை நேரம் பெரியவளுக்கு ஒன்றே முக்கால் மணி, சின்னவனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் கீழே.

அதோடு, திரையில் எல்லாமே இறங்கிவிடாது. குறை எண்களைக் கூட்டிக் கழிப்பது பெரியவளுக்கு வீடியோவிலும் பிடிபடவில்லை, என்னிடமும் பிடிபடவில்லை. மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழித்தால் எப்படி பிளஸ் இரண்டு வரும் என்று அழுகைக்கே போய்விட்டாள். மறுநாள் காலை கயிறு குதித்து முடித்ததும் மாடித் தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு போட்டு, நடுவில் பூஜ்ஜியம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பிளஸ், படிக்கட்டுப் பக்கம் மைனஸ் என்று எழுதினேன். விதி இரண்டுதான். கழித்தல் என்றால் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நில். எண்ணுக்கு முன்னால் மைனஸ் இருந்தால் பின்பக்கமாக நட. மைனஸ் மூன்றில் போய் நின்றாள், படிக்கட்டைப் பார்த்துத் திரும்பினாள், பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து அடி வைத்துக் காலைப் பார்த்தாள். பிளஸ் இரண்டு. ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அப்புறம் அவளாகவே எட்டுக் கணக்கு சொல்லிச் சொல்லி நடந்தாள், தம்பியையும் இழுத்து நிறுத்தி நடக்க வைத்தாள், வெயில் ஏறுகிற வரைக்கும் கீழே வரவில்லை. அன்று ஒன்பதரைக்கு அதே பயிற்சியைத் திறந்து ஒரு தப்பும் இல்லாமல் முடித்தாள். கால் முதலில் கற்றுக்கொண்டதைத்தான் கண் அப்புறம் படித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. உடற்பயிற்சியையும் படிப்பையும் இப்போது நாங்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

தமிழுக்கு வேறு வழி. தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கின்றன, 2018-லிருந்து வந்த புதிய புத்தகங்கள் படங்களோடு மிக நன்றாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியில் பாட்டும் கதையும் இருக்கிறது, சின்னவன் எழுத்துக் கூட்டப் பழகியது அதில்தான். கையெழுத்துக்குத் தினமும் அத்தையிடம் பத்து வரி. கன்னடம் கீழே விளையாடுகிற பிள்ளைகளிடமிருந்தே வந்துவிட்டது, எழுதப் படிக்கத்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வெள்ளிக்கிழமை படிப்புக்குப் பதிலாக கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், இல்லையென்றால் கப்பன் பார்க். லால்பாக் பாறை மேல் ஏறி நின்று இது 300 கோடி வருடப் பழசு என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் குனிந்து தொட்டுப் பார்க்கும்.

பரீட்சை, சான்றிதழ் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 14 வயது முடிந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம், ஐந்து பாடம் தேறினால் போதும், தமிழை ஒரு பாடமாக எடுக்க வழி உண்டு, வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. எங்கள் திட்டம் அதுதான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை, அந்தத் தயக்கம் உள்ளவர்கள் நன்றாக விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

செலவு: வீட்டில் ஏற்கெனவே இருந்த இன்டர்நெட், எஸ்.பி. ரோட்டில் வாங்கின பழைய லேப்டாப் ஒன்று, நோட்டு, சாக்பீஸ், கயிறு. பணம் அவ்வளவுதான். ஆனால் தினமும் காலை ஆறேகாலிலிருந்து பன்னிரண்டு வரை பெரியவர் ஒருவருடைய நேரம் முழுசாக வேண்டும், அதை இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் அலுவல் வேலையெல்லாம் மதியத்துக்கு மேலும் இரவிலும்தான். அத்தை இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதையே சனி, ஞாயிறு மட்டும், அதே வரிசையில், முதலில் ஏரி, அப்புறம் லேப்டாப் என்று செய்து பாருங்கள், பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் நன்றாகவே வேலை செய்யும்.

கான் அகாடமிக்கு ஐந்துக்கு நாலரை, ஜோ விக்ஸுக்கு நாலு, மொட்டை மாடிக்கு ஐந்துக்கு ஐந்து.

கயிறு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கைப்பிடியையும் மேலே இழுத்தால் பிள்ளையின் அக்குள் வரைக்கும் வர வேண்டும், அதைவிட நீளமென்றால் தடுக்கும். மெல்லிய கம்பிக் கயிறு காலில் பட்டால் சுரீர் என்று இழுக்கும், மணி கோத்த கயிறாகப் பார்த்து வாங்குங்கள், தரையில் தட்டுகிற சத்தத்திலேயே தாளம் வந்துவிடும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் எங்களுக்கு இரண்டு கயிறு சேர்த்து 240 ரூபாய் ஆனது, இன்னும் ஒரு மணிகூட உதிரவில்லை.